நீ கட்டிய மண்டபத்தில் என் கை

பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. இன்று காலை நம் ஊர் நினைவு மண்டபத்தின் கதவைத் திறந்ததும் அதுதான் முகத்தில் அடித்தது. நிமிர்ந்தால், சுவரில் நீ. உன் கருமாதிக்குத்தான் வந்திருந்தேன், படம் மாட்டுவார்கள் என்று தெரியும். தெரிந்து என்ன? பொட்டும் மாலையுமாக உன்னைப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லையடி.

இந்த மண்டபமே உன் கோபத்தில் எழுந்ததுதான். உன் மாமியாரின் கருமாதியன்று மழை கொட்டி, பந்தல் சரிந்து, படையல் இலை தெருவில் மிதந்தது. "செத்தவங்கள நெனைக்க ஒரு கூரை இல்லாத ஊரு என்னா ஊரு?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினாய். பிறகு அதே வாயோடு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாய். கொத்து வேலை தெரிந்தவர்கள் சுவர் எழுப்பினார்கள், டிராக்டர் வைத்திருந்தவர்கள் மணல் அடித்தார்கள், நாமெல்லாம் கல் சுமந்தோம்.

கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள், நீ மாடியில் ஏறி, மல்லாட்டைக் கொல்லைக்குக் கட்டுவதுபோல மண்ணால் பாத்தி கட்டி, கான்கிரீட் இறுகத் தண்ணீர் நிறுத்தினாய். "அப்படியே கடலை வெதையும் போட்டுடு" என்று சிரித்தேன். நான் சேற்றுக் கையோடு உன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, உன் மகன் போனில் படம் எடுத்தான்.

"இங்க மொதல்ல யாரு படம்டி மாட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"உன்னுதுதான்க்கா. நீதான மூத்தவ? மாலை ஜாஸ்தியாவே போடறேன், கவலைப்படாத."

எங்கே போனாலும் என்னை இழுத்துக்கொண்டு போகிறவள் நீ. அந்த ஒருநாள் மட்டும் என் வயலில் நடவு, வர முடியவில்லை. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு வாங்கத் தனியாகத் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினாய். மதியம் உன் மகன் போன் செய்தான். "பெரிம்மா, அம்மா பஸ் ஸ்டாண்டுல உக்காந்தவங்க எழுந்துக்கலையாம்." "எழுப்பச் சொல்லுடா" என்றேன். புத்தி கெட்டவள்போல அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கும் நீயும் ஒரே வண்டியில் வந்து இறங்கினீர்கள்.

இன்று படத்துக்கு அருகில் போனபோதுதான் கவனித்தேன். மாலைக்குப் பக்கத்தில், உன் தோளில், சேறு படிந்த விரல்கள். என் விரல்கள்! அந்த போன் படத்தில் ஸ்டுடியோவில் என்னை வெட்டிவிட்டு உன்னைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். என் கை மட்டும் தங்கிவிட்டது.

மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவளின் கை இறந்தவள் படத்தில் இருந்தால் ஆகாது என்று பெரியவர்கள் பதறினார்கள். "தப்பா நெனைச்சிக்காதீங்கம்மா, கம்ப்யூட்டர்ல அழிச்சிக் குடுத்துடறேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். உன் மகன் படத்தைக் கழற்ற ஸ்டூலில் ஏறினான்.

"வுடுடா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஒருவாட்டி தனியாப் போனதுக்கே இந்தக் கதி. இனிமே அவ தோள்லேர்ந்து நான் கையை எடுக்கமாட்டேன்."

உன் மகன் ஸ்டூலை விட்டு இறங்கினான். நீ வாங்கிய விளக்கை நான்தான் ஏற்றினேன். சாப்பிட்டு, கை கழுவி, வீட்டுக்கும் வந்துவிட்டேன். உன் தோள் இன்னும் கையிலேயே இருக்கிறது.