அப்பா வாங்கிய வாத்து

சூரியநெல்லி,
மாட்டுப் பொங்கல் அன்று.

அன்பு மகள் புஷ்பகலாவுக்கு அம்மா முத்துப்பேச்சி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஆடு கோழிகளும் சுகமாக இருக்கிறோம், இருமல் ஒன்றுதான் பாக்கி, அதுவும் எனக்கில்லை, சேவலுக்கு. அங்கே அந்த ஜெர்மனிக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்ததும் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று நீ பேசும்போது மூடுபனி இறங்கி டவர் போய்விட்டது. பெருமாட்டி ஊர்க்காரர்கள் வந்தார்களா, என்ன சொன்னார்கள் என்று நீ கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டது, நான் தொண்டை கிழியச் சொன்னது எதுவும் உனக்குக் கேட்கவில்லை. வந்தார்கள் தாயி. கூட வேலை பார்க்கிற சிவப்பிரகாஷைப் பிடித்திருக்கிறது என்று தீபாவளிக்கு நீ சொன்ன நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவனுடைய அப்பா அம்மா எங்களைப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வார்கள் என்றதும் தண்ணீரும் இறங்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும், அதற்கு வாத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மார்கழி பிறந்ததும் கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. இந்த வருஷம் குளிர் ரொம்பவே அதிகம், விடிந்து பார்த்தால் தேயிலைச் செடி மேலெல்லாம் உப்பு தூவியது போல உறைபனி. அதைப் பார்க்கத்தான் நம் ஹோம்ஸ்டேக்கு ஆட்கள் வருகிறார்கள், அதுதான் கோழிக்கு ஆகவே ஆகாது. கூண்டைச் சுற்றிச் சாக்கு கட்டினேன், உள்ளே குண்டு பல்பு போட்டேன், ராகிக் கூழை வெதுவெதுப்பாக வைத்தேன், மூக்கு ஒழுகியதற்கு வட்டவடைப் பூண்டும் மிளகும் இடித்து ஒவ்வொன்றாகப் பிடித்து ஊட்டினேன். எல்லாவற்றையும் தின்றுவிட்டு மகாராணி மாதிரி பல்புக்கு அடியில் உட்கார்ந்திருந்தன, முட்டை மட்டும் இல்லை. தங்க வருகிறவர்களோ செருப்பைக் கழற்றும்போதே நாட்டு முட்டை உண்டா என்று கேட்கிறார்கள். கடை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நாட்டு முட்டை நிறம் வந்துவிடும் என்று உன் அப்பா யோசனை சொன்னார். நான் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டேன், ஒரே ஒரு தடவைதான் கொடுத்தோம். அப்புறம்தான் அவர் செல்போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் குளிரிலும் முட்டை போடுவது வாத்துதான் என்று கண்டுபிடித்தார்.

அடிமாலிப் பக்கம் ஒரு பண்ணைக்காரனுக்குப் போன் போட்டார். நான் பேசுகிறேன் என்றேன், கேட்கவில்லை. உன் அப்பாவின் மலையாளம் உனக்குத் தெரியும், தமிழில் எதையாவது சொல்லிக் கடைசி எழுத்தை மழித்துவிட்டால் மலையாளம் ஆகிவிடும் என்பது அவர் கொள்கை. அதன்படி வாத்தை வாத்த ஆக்கி, எனிக்கி ஆறு வாத்த வேணும் என்று கம்பீரமாகச் சொன்னார். பண்ணைக்காரன் நல்லவன், வாத்தயா சேட்டா, தாராவு அல்லே என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். அப்பாவுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. தாராவு என்றால் ஏதோ தாராபுரத்துச் சரக்கு, வெயில் ஊர்ப் பறவை, விலை போகாததை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு, தாராவு வேண்டா, வாத்த மதி, அதாவது போதும், என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். என்னைப் பார்த்து, ஏமாத்தப் பாக்கான் பாத்தியா, நம்மகிட்ட நடக்குமா என்று மீசையை வேறு தடவினார்.

வந்து இறங்கியதைப் பார்க்க வேண்டுமே. ஆறும் வெள்ளை வெளேரென்று, கழுத்து மட்டுமே ஒரு முழம், மூக்குக்கு மேல் கட்டி மாதிரி ஒரு புடைப்பு. கூடையைத் திறந்ததும் முதலில் வந்தது அப்பாவின் வேட்டியைத்தான் பிடித்தது. பக்கத்து வீட்டு ஜீப்புக்கார இன்னாசிராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே இது வாத்து இல்லண்ணே, கூஸு, கடிச்சா சதையோட வரும் என்றான். ஒனக்கு என்னலே தெரியும், இது ஒசந்த ஜாதி வாத்து என்று அப்பா சொன்னார், சொன்ன இடம் சமையலறைக் கதவுக்குப் பின்னால். அன்றிலிருந்து வாசல் அதுகளுடையது. அறை எடுத்தவர்களைக் காரில் இருந்து அறைக்குக் குடையை விரித்து மறைத்துக் கூட்டிப் போனேன். முட்டையும் இல்லை, நிம்மதியும் இல்லை. அப்பா இருக்கும்போது வாத்து என்றும் அவர் போன பிறகு கூஸ் என்றும் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் பெருமாட்டிக்காரர்கள் வருகிறார்கள் என்று நீ சொல்கிறாய், அதோடு விட்டாயா, நம்முடையது மூணாறில் ரிசார்ட் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருப்பதாகவும் சொல்கிறாய். மூன்று அறைக்கும் ஒரு ஓட்டை கீசருக்கும் ரிசார்ட் என்று பேரா? பையனின் அப்பா வில்லேஜ் ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், தென்னந்தோப்பு உள்ளவர்கள். நாமோ எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்கள். வந்து பார்த்துவிட்டு, தோட்டக்காட்டு ஆள், ஆட்டோடும் கோழியோடும் கிடக்குது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அந்தப் பயத்தில் நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம், சிரிக்காதே. ஆடு கோழி ஒன்றையும் அவர்கள் கண்ணில் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். கூண்டை அவிழ்த்துக் கோழிகளை மூன்றாம் அறைக்குள் பல்போடு குடியேற்றினோம். ஆட்டுக்குட்டியையும் அங்கேயே கட்டினோம், குளிருக்கு அதற்கு உன் பழைய ஸ்கூல் ஸ்வெட்டரைத்தான் போட்டிருக்கிறேன். கதவில் ரிப்பேர் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டோம். கூஸ்களை இன்னாசிராஜின் ஜீப் ஷெட்டில் அடைத்தோம்.

அவர்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகச் சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். சிவப்பிரகாஷின் அப்பா சுப்ரமணியன் மலையாளத்தில் பேச ஆரம்பித்தார், உன் அப்பாவும் அவருடைய மலையாளத்தில் பதில் சொன்னார், இரண்டு பேருக்கும் என்ன புரிந்தது என்று தெரியவில்லை. அந்த அம்மா பெயர் ஞானம். பட்டுப்புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயே திறக்கவில்லை, காப்பி கொடுத்தால் ஒரு தலையாட்டு, வெந்நீர் வேண்டுமா என்றால் ஒரு தலையாட்டு. ரிசார்ட் என்றால் முள்கரண்டி இருக்க வேண்டும் என்று அப்பா மூணாறு போய் வாங்கி வந்திருந்தார். அவர்கள் எங்களைப் பார்த்துச் செய்யலாம் என்று இருக்க, நாங்கள் அவர்களைப் பார்த்துச் செய்யலாம் என்று இருக்க, நால்வரும் இட்லியைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து ரிப்பேர் அறைக்குள் இருந்து சேவல் கூவியது, கூவிவிட்டு இருமியது. சுப்ரமணியன் நிமிர்ந்து பார்த்தார். அப்பா கொஞ்சமும் அசராமல், பிளம்பர் உள்ள வேலையா இருக்காரு, அவர் போன் ரிங்டோன் அப்பிடி என்றார். இருட்டிய பிறகும் பிளம்பர் வேலை செய்கிறாரே என்று அவர்கள் கேட்காதது பெரிய மனது.

மறுநாள் விடிந்ததும் சுப்ரமணியன் குரங்குக் குல்லாவும் சால்வையுமாக உறைபனி பார்க்கக் கிளம்பினார். நான் சமையலறையில் இருந்தேன். திடீரென்று வெளியே ஆறு நாதஸ்வரத்தைச் சேர்த்து ஊதியது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஷெட்டின் தகரத்தை நெம்பிக்கொண்டு கூஸ் அத்தனையும் வெளியே. அவர் இன்னாசிராஜின் ஜீப் பானட் மேல் ஏறி நிற்கிறார், சால்வை அதுகள் வாயில். அப்பா விளக்குமாற்றோடு தூரத்தில் நின்று, பயப்படாதீங்க, வெறும் வாத்துதான், ஒண்ணும் பண்ணாது என்கிறார். எல்லாம் முடிந்தது, என் பிள்ளையின் வாழ்க்கையை இந்தப் பறவைகள் கொத்தித் தின்றுவிட்டன என்று எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவர் பானட் மேல் நின்றபடியே முதல் முதலாகத் தமிழில் வாயைத் திறந்தார். ஏனுங்க, இத என்னன்னு கேட்டு வாங்குனீங்க என்றார். வாத்தன்னு சொன்னேன் என்றார் அப்பா. மலையாளத்துல வாத்தன்னா இதுதானுங்க, நம்ம வாத்துக்கு அவிங்க தாராவும்பாங்க என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்பா விளக்குமாற்றைக் கீழே விட்டார். கல்யாணம் ஆன நாளில் இருந்து நான் எத்தனையோ சொல்லிக் கேட்காத மனிதர், அப்படியா என்று ஒரே வார்த்தையில் அடங்கிப்போனார்.

பின்னால் குபீரென்று ஒரு சிரிப்பு கேட்டது. ஞானம்தான். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடிக்கப் போய் ரிப்பேர் அறைக் கதவைப் பிடித்துவிட்டார், அது திறந்துகொண்டது. கோழிகள் காலுக்கடியில் பாய, நடுவில் ஸ்கூல் ஸ்வெட்டரோடு ஆட்டுக்குட்டி. நான் சுவரோடு சுவராக நின்றேன். அவர் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய், இருமின சேவலை எடுத்துத் தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏனுங்கம்மா, எங்கூட்டுலயும் எருமையும் கோழியும்தானுங்க, நீங்க பெரிய ரிசார்ட்டுக்காரங்கன்னு என்ற பையன் சொல்லிப்போட்டானுங்க, வாயத் தொறந்தா எங்க பேச்சு உங்களுக்கு எளக்காரமா இருக்குமோன்னு பயந்துட்டு வந்தனுங்க, இந்தச் சீலகூட என்ற தங்கச்சீதுங்க என்றார். புஷ்பா, அந்த நேரம் எனக்கு வந்த அழுகை இருக்கிறதே, அது துக்கமா சந்தோஷமா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. உன்னையும் அவனையும் சேர்த்து நிற்கவைத்துத் தோலை உரிக்க வேண்டும், ரெண்டு வீட்டையும் பெரிய வீடாக்கி ரெண்டு பேரையும் பயமுறுத்தி வைத்தீர்களே.

அப்புறம் முள்கரண்டி எல்லாம் பரணுக்குப் போனது. ஞானம் அடுப்படியில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், உங்க புள்ளைய எங்கூட்டுக்குக் குடுப்பீங்களா என்று கேட்டார். சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது தாயி. ஆனால் சொல்லவில்லை. அவளைக் கேட்டுச் சொல்லுதேன் என்றேன். அப்பா வாசலில் இருந்து, அவதானடி அவங்களையே அனுப்பி வச்சா, அவட்ட என்ன கேக்கணும் என்று குதித்தார். ஞானம் சிரித்துக்கொண்டே, கேட்டே சொல்லுங்க, பொண்ணு பதில் வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் இந்தக் கூஸுல ரெண்ட குடுத்து உடுங்க, தோப்புல தேங்கா களவு போகுதுங்க என்றார். காரின் பின்சீட்டில் ரெண்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு ராஜா ராணி மாதிரி போயின. சுப்ரமணியன் முன்சீட்டில் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்பாவுக்குப் புரியவில்லை, உனக்குச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் கூடையை இறக்கும்போது, ஒனக்கு நல்லமுத்துவப் பேசியாச்சு என்று யாரோ சொன்னார்கள், நானும் சரி என்று கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஆனாலும் ஒருவர் என்னைக் கேட்டிருக்கலாம். நீ உன் மாப்பிள்ளையை நீயே பார்த்துக்கொண்டவள், உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், நான் கேட்கத்தான் போகிறேன். புஷ்பகலா, பெருமாட்டி சிவப்பிரகாஷைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதமா?

குலசாமி துணை இருக்கும், எல்லாப் பாக்கியமும் பெற்று, தலை நிமிர்ந்து நல்லபடியாக இருப்பாய். வெறும் காலோடு தரையில் நடக்காதே, அங்கே கிடைக்கிற பூண்டையாவது ரசத்தில் தட்டிப் போடு. பதிலைப் போனில் சொல்லாதே, போனை முதலில் எடுப்பது உன் அப்பாதான். ஒரே வார்த்தையாக இருந்தாலும் தாளில் எழுதி, கவரில் என் பெயரை மட்டும் போட்டு அனுப்பு. அதைப் பிரித்து நான்தான் முதலில் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அம்மா,
முத்துப்பேச்சி