பாட்டுப் பெட்டியில் குற்றமில்லை

நாரணாபுரம்
14.9.2006

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அம்மா இருளம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி வேல்விழியும் காளியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் சுகம்தான் தெரியவில்லை, நீ கோபமாகப் போனை வைத்து இன்றோடு முப்பத்தாறு நாள் ஆகிறது. துபாயில் வெயில் தணிந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி நின்றதா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன். நீ கூப்பிடாவிட்டால் என்ன, அறிவொளியில் படித்த எழுத்து என் கையில் இருக்கிறது. கொம்பும் காலும் முன்னே பின்னே இருந்தால் சிரிக்காதே. நல்ல சேதி, உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ அனுப்பின ஹோம் தியேட்டர் டூப்ளிகேட் இல்லை ராசா. உன்னை எவனும் ஏமாற்றவில்லை. அதை உன் அம்மா கண்டுபிடித்துவிட்டேன், நாரணாபுரமே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு அப்பா போனில் பேசியது தப்புத்தான். ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் நினைத்துப் பார். நாதஸ்வரம் என்றால் உயிரை விடுகிற மனுஷன். மகன் வாங்கி அனுப்பின பெட்டி என்று தெருவையே கூட்டிவைத்துப் போட்டார், அது தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி கத்தியது. எல்லாருக்கும் காது கூசியது, கைப்பிள்ளைகள் அழுதன. அந்த அவமானத்தில்தான், ஏலே எவனோ உன் தலையில மொளகா அரைச்சிட்டான்னு உன்னிடம் சொல்லிவிட்டார். ஒரு வருசம் ஓவர்டைம் பார்த்து வாங்கினவனுக்கு அது எம்புட்டு வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா. இனி எதுவும் அனுப்ப மாட்டேன், பேசவும் மாட்டேன் என்று நீ வைத்துவிட்டாய். அதிலிருந்து இரண்டு ஆம்பிளைகளும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள், நடுவில் கிடந்து நான் அல்லாடுகிறேன்.

அப்புறம் அப்பா சிவகாசியிலிருந்து மெக்கானிக் நாகையாவைக் கூட்டிவந்தார். அவர் நாலு குமிழைத் திருகினார், கூர்மையைக் குறைத்தால் பாட்டு பானைக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஆனது, கூட்டினால் மறுபடி கத்தல். கடைசியில், இது டூப்ளிகேட் மதினி, எங்கிட்டக் குடுத்திருங்க, பதிலுக்கு நல்ல செட்டு ஒண்ணு தாரேன் என்றார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கோ என்று அப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் நீ ஏமாந்தவன் என்பது ஊருக்கே உறுதியாகிவிடும், பிறகு நீ இந்த வீட்டுக்கு எப்போது பேசுவாய்?

போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் நல்ல மழை. சீசன் நேரம் என்பதால் கம்பெனியில் வேலை பார்த்தது போக வீட்டிலும் நானும் வேல்விழியும் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறோம். மருந்து ஒன்றும் கிடையாது, வெறும் குழாய்தான், பயப்படாதே. முன்னெல்லாம் அந்தச் சாக்கு மூட்டைகள் முன்ஹாலில்தான் கிடக்கும். உன் பெட்டி வருகிறது என்றதும், வருகிறவர்கள் கண்ணுக்கு இது என்ன அசிங்கம் என்று பின்னால் தகரக் கொட்டகைக்கு நான்தான் தள்ளினேன். புது வீடு, டைல்ஸ் தரை, வெள்ளைச் சுவர், நடுவில் உன் பெட்டி என்று துடைத்துவைத்த பாத்திரம் போல ஹாலை வைத்திருந்தேன். கொட்டகை ஒழுகவும், குழாய் நமுத்தால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பதினோரு மூட்டையையும் இழுத்து வந்து ஹாலில் சுவரோரமாக அடுக்கினோம். வேலை பார்க்கிற அலுப்புக்கு வேல்விழி பாட்டுப் போட்டாள். என்னடி சத்தத்தைக் குறைச்சிட்டியா என்றேன். இல்லம்மா, அதே பதினெட்டுலதான் இருக்கு என்கிறாள். எனக்குக் கையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றுவிட்டது. அம்புட்டு இதமாக இருந்தது.

நான் விடவில்லை. மழை விட்டதும் மூட்டைகளை வெளியே தூக்கிவைத்துப் போடச் சொன்னேன், பழைய கத்தல். திரும்ப உள்ளே வைத்தேன், இதம். கையைத் தட்டிப் பார்த்தேன், மூட்டை இல்லாவிட்டால் கைத்தட்டல் சுவருக்குச் சுவர் மோதிக் கணீரென்று திரும்பி வருகிறது, இருந்தால் பட்டென்று அடங்கிவிடுகிறது. கம்பெனியில் காகித ஷெட்டுக்குள் பக்கத்தில் இருப்பவளிடமே உரக்கப் பேச வேண்டியிருக்கும், சத்தத்தைக் காகிதம் குடித்துவிடும். இருபது வருசம் அதற்குள் உட்கார்ந்திருந்த எனக்கு இது முதலிலேயே தோன்றாமல் போச்சே! கத்தியது உன் பெட்டி இல்லை, நான் துடைத்துத் துடைத்து வைத்த வெறும் ஹால். நம் பிழைப்பை ஊருக்கு மறைக்கப் போய் உனக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்தவள் நான்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

குழாய் சனிக்கிழமை கம்பெனிக்குப் போய்விடும் இல்லையா, அதனால் மறுநாளே நம் தெரு மாரித்தாய் வேலை பார்க்கிற காலண்டர் பிரஸ்ஸில் வெட்டிப்போடும் காகிதத் துண்டுகளை வாங்கி ஆறு சாக்கில் அடைத்து, என் பழைய சேலையில் உறை தைத்து மூலைக்கு மூலை நிறுத்திவிட்டேன். தரையில் ஜமுக்காளம். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை நாகையா பெட்டியைக் கட்டக் கயிற்றோடு வந்தார். வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு எடுத்துக்கோங்க என்று இரண்டு பேரையும் உட்காரவைத்து நாதஸ்வரத்தைப் போட்டேன். தேன் போல வந்தது தம்பி. தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. நாகையா எழுந்து பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார், வேறு ஏதாவது வயர் கொடுத்திருக்கிறோமா என்று! ஒன்றுமில்லை, சாக்குதான் என்றேன். கடைசியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, எங்கடைக்கும் ரெண்டு மூட்டை கட்டிக் குடுங்க மதினி என்று கேட்டாரே பார்க்கணும். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. டூப்ளிகேட் என்று முதலில் வாய் திறந்த எதிர்வீட்டு ராக்காயியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கேட்க வைத்துத்தான் அனுப்பினேன்.

உன் அப்பா பாட்டு முடிய முடியத் திரும்பப் போடச் சொல்லி மூன்று தடவை கேட்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போது கம்பெனி வேனை விட்டு இறங்குகிற ஆளையெல்லாம் மறித்து, வாங்க, எம்மவன் அனுப்புன பெட்டியக் கேட்டுட்டுப் போங்க என்று கூப்பிடுகிறார், எனக்குக் காப்பி போட்டு மாளவில்லை.

வேல்விழி பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நீ சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதே. காளியம்மன் உன்னை நூறு வருசம் குறையில்லாமல் வைத்திருப்பாள். தீபாவளிக்கு வரமுடியாவிட்டாலும் புதுச்சட்டை எடுத்துப் போட்டுக்கொள், மறந்துவிடாதே.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும் அம்மா,
பா. இருளம்மாள்

கவரை ஒட்டப் போன என்னை நிறுத்தி அப்பா பேனாவை வாங்கினார். கீழே இருப்பது அவர் கையெழுத்து:

செல்வம், பெட்டி நல்ல பெட்டி. நாந்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதய்யா. ஞாயித்துக்கெழம போன் போடு, நானே எடுப்பேன்.
முத்துப்பாண்டி