கல்லாகிப் போன மரமும் மாரிச்செல்வி மீதான பழியும்

அனுப்புநர்
பெ. சங்கிலிமுத்து (வயது 44),
கிழக்குத் தெரு, நடுக்கரைப்பட்டி,
தாயில்பட்டி வழி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: பட்டாசு ஆலை வெடிவிபத்து – என் மனைவி மாரிச்செல்வி உள்ளிட்ட மூவர் பலி – விபத்துக்கு மாரிச்செல்வியின் கவனக்குறைவே காரணம் என்ற முடிவை நீக்கவும், உண்மைக் காரணமான கல்மரம் கிடக்கும் பள்ளத்தை மூடவிடாமல் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள பட்டாசு ஆலையில் நான் பதினாறு வருடமாக மண் வேலை பார்க்கிறேன். புஸ்வாணக் கூட்டுக்குள் மருந்தை நிரப்பிய பிறகு அடிப்பக்கத்தைக் களிமண் வைத்து, மரச்சுத்தியால் இடித்து இறுக்கி மூடுவார்கள். அந்தக் களிமண்ணை ஓடைக்கரையில் வெட்டி, காயவைத்து, இடித்து, சலித்து அறைகளுக்குக் கொடுப்பவன் நான். அதை வாங்கி மூடுகிறவர்களில் ஒருத்தி என் மனைவி மாரிச்செல்வி. இதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். இந்த மனுவில் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த மண்ணைப் பற்றியதுதான்.

2. கடந்த ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அவள் வேலை பார்த்த அறை வெடித்தது. நான் அப்போது ஓடைக்கரையில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது கூரை இல்லை, மேற்குச் சுவர் இல்லை, வேப்பமரத்துக் கிளையில் ஒரு கை தொங்கியது. அது அவளோடு அதே அறையில் வேலை பார்த்த சோலையம்மாளுடையது என்று பிறகு தெரிந்தது. அந்த அறையிலேயே இருந்த முனியராஜ் எரிந்துகொண்டே முப்பது அடி ஓடி வந்து, என் கண் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அப்படியே சரிந்தார். என் மனைவியை நான் அடையாளம் காட்டியது இடது காலை வைத்து. மற்றதைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். நான்கு பேர் இருந்த அறையில் உயிரோடு தப்பியவர் செல்லத்தாய் ஒருவரே. வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வெளியே தூக்கி வீசப்பட்டார்.

3. ஒரு மாதம் கழித்து வந்த விசாரணை அறிக்கையில், “தொழிலாளி மாரிச்செல்வி தேவைக்கு மீறிய விசையுடன் இடித்ததால் உராய்வு ஏற்பட்டது” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். எழுதியவருக்குக் கை கூசவில்லை. அந்த ஒரு வரி எங்கள் தெருவுக்கு வந்து செய்ததைச் சொல்கிறேன். சோலையம்மாளின் மகன்கள் இரண்டு பேரும் அரிவாளோடு வந்து என் வீட்டுக் கதவைப் பிளந்தார்கள். மாரிச்செல்வியின் படத்தைத் தெருவில் போட்டு மிதித்தார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிரீத்திகாவைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து, “கொலைகாரி மக” என்று சொல்லி முனியராஜின் தங்கை அறைந்ததில் அவளுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. ஆளைப் பறிகொடுத்தவர்கள். அரசாங்கமே எழுதிக் கொடுத்ததை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான்.

4. மாரிச்செல்வி வேலைக்குப் போகும்போது மெட்டியைக் கழற்றிவைத்துவிட்டுப் போகிறவள். தலையில் ஊசி வைக்கமாட்டாள். ஒரு முறை முனியராஜ் மரச்சுத்தியை ஓங்கிப் போட்டார் என்பதற்காக அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள். அவளா விசையோடு இடிப்பாள்? மதுரை ஆஸ்பத்திரியில் செல்லத்தாய் வாய் திறந்து பேச ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அறிக்கை முடிந்துவிட்டது. உதடு வெந்த நிலையில் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மண்ணுல என்னமோ நறநறன்னு இருக்குக்கா, இந்த மூடைய ஒதுக்கி வைப்பமான்னு மாரி கேட்டா. நான் திரும்பிப் பாக்கங்குள்ள வெடிச்சிருச்சு.”

5. அந்த நறநறப்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனி மாதக் கடைசியில் ஓடைக்கரையை ஆள் உயரத்துக்கு வெட்டி இறங்கியபோது களிமண்ணுக்குள் ஒரு மரம் படுத்துக் கிடந்தது. பதினோரு அடிக்கு மேல் இருக்கும். பட்டை, முடிச்சு, முறிந்த முனையில் வளையம் வளையமாகக் கோடு எல்லாம் இருந்தது. கடப்பாறையால் குத்தினால் விறகுச் சிராய் போல நீள நீளமாகப் பெயர்ந்தது. கல்லைக் கண்டால் நான் பொறுக்கி எறிந்துவிடுவேன். ஆனால் எங்கள் தொழிலில் மரம் என்றால் பயமில்லை. இரும்பு ஆகாது, கல் ஆகாது என்றுதான் அறைக்குள் சுத்தியல், பலகை, தட்டு எல்லாமே மரத்தில் வைத்திருக்கிறோம். ஏதோ பழைய மரம் மக்கிக் கிடக்கிறது என்று நினைத்து, பெரிய துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, சிராய்களை மண்ணோடு சேர்த்தே இடித்துச் சலித்துக் கொடுத்தேன். ஊசி போன்ற அந்தச் சிராய்கள் சல்லடைக் கண்ணில் நிமிர்ந்தவாக்கில் இறங்கிவிட்டன.

6. செல்லத்தாய் சொன்னதைக் கேட்ட மறுநாள், அந்த மரத்தில் ஒரு துண்டைச் சாக்கில் போட்டுக்கொண்டு, நிலவியல் துறை உள்ள ஒரு கல்லூரியைத் தேடிப் போனேன். பேராசிரியை ஆர்த்தி அதைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்த உடனே முகம் மாறினார். அதை வைத்துக் கண்ணாடியில் கீறினார், கண்ணாடியில் கோடு விழுந்தது. பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அந்தத் துண்டை இரும்பால் தட்டினார். பொறி பறந்தது. “இதுல மரம் துளிகூட இல்லண்ணே. மரத்தோட அச்சு மட்டும்தான் இருக்கு. மத்ததெல்லாம் கல்லு. சிக்கிமுக்கிக் கல்லுச் சாதி” என்றார்.

7. அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அவருடைய கையெழுத்திட்ட குறிப்பும் இணைப்பில் உள்ளது. செத்து விழுந்த மரம் காற்றுப் பட்டால் மக்கிவிடும், கரையான் தின்றுவிடும். விழுந்த கையோடு சேற்றுக்குள் புதைந்துபோனால் காற்று இல்லை, மக்காது. கண்ணாடி செய்யும் மணலில் உள்ள அதே சத்து தண்ணீரில் கரைந்து, ஊறி ஊறி மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் போய் உறையும். மரம் கரையக் கரைய அந்த இடத்தில் கல் உட்காரும். வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு சிராய்கூட மரமாக இருக்காது, ஆனால் ஒரு வளையம்கூட அழிந்திருக்காது. எத்தனை இலட்சம் ஆண்டு என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றார்.

8. மரம் கிடக்கும் விதத்தை என்னிடம் விசாரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். மரத்தில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அடிப்பக்கம் முறிந்து கிழிந்திருக்கிறது. சுற்றிலும் உருண்டைக் கல்லும் சரளையும் ஒரே திசையில் அடுக்கிக் கிடக்கின்றன. அதாவது, நின்ற மரத்தை ஒரு பெருவெள்ளம் அடியோடு முறித்து, கிளைகளை ஒடித்து, பாறையில் மோதி இழுத்து வந்து இங்கே அமுக்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் துளைகளைப் பார்த்தால் மழை கொட்டித் தீர்த்த காட்டு மரம் என்கிறார். ஒரு போகத்துக்கே மழை வராமல் வயலை விட்டுவிட்டு மருந்து அறைக்குப் போனவர்கள் நாங்கள். எங்கள் காலடியில் காடு இருந்ததாம்! கேட்டபோது எனக்கு வியப்பு வரவில்லை ஐயா, ஆத்திரம்தான் வந்தது. அந்த வெள்ளம் அடித்த மரம் அத்தனை காலம் கிடந்து என் மனைவியை அடிப்பதற்கா கல்லானது?

9. இப்போது ஆலையின் போர்மேன் ராஜபாண்டியன் அந்தப் பள்ளத்தை மூட ஏற்பாடு செய்துவிட்டார். சனிக்கிழமை ஜேசிபி வந்து நின்றது. நான் மரத்தின் மேல் படுத்துக்கொண்டேன். ஓட்டுநர் நல்லவர், இறங்கிப் போய்விட்டார். போர்மேனின் ஆட்கள் என்னைக் காலைப் பிடித்து இழுத்து, விலாவில் மிதித்தார்கள். இரண்டு எலும்பு முறிந்ததற்கான சான்று இணைத்துள்ளேன். புதன்கிழமை மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மரத்தை நொறுக்கி மூடிவிட்டால் மாரிச்செல்விக்காகப் பேச ஒரு சாட்சியும் மிஞ்சாது. அதே மண்ணில் சிவப்புச் சணல் கட்டிய பதினேழு மூடை இன்னும் கிடங்கில் இருக்கிறது. சீசன் நேரம், எந்த அறைக்கு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

10. கடைசியாக, யாரிடமும் சொல்லாத ஒன்று. அந்த மரத்தைக் கடப்பாறையால் குத்திய அன்று எனக்கு ஒரு நெடி அடித்தது. பொறி பறக்கும்போது வருமே, அந்தக் கருகிய நெடி. உச்சிவெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியவில்லை. நெடி தெரிந்தது. என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். பதினாறு வருடமாக என் சட்டையில், தோளில், சோற்றில் கந்தக நெடிதான். நம் மேல் அடிக்கிற நெடிதான் இது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் குத்தினேன். கல்லூரியில் பொறி பறந்தபோது அந்த அறையில் அடித்ததும் அதே நெடி. நான் அன்று கடப்பாறையைக் கீழே போட்டிருந்தால் மூன்று பேரும் இருந்திருப்பார்கள்.

11. எனவே, புதன்கிழமைக்கு முன்பாக அந்தப் பள்ளத்துக்குக் காவல் போட்டு, நிலவியல் துறையினர் கல்மரத்தைப் பார்வையிடவும், பதினேழு மூடைகளைப் பறிமுதல் செய்யவும், செல்லத்தாயின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன். அறிக்கையிலிருந்து என் மனைவியின் பெயரை எடுத்துவிடுங்கள். காரணம் என்ற இடத்தில் ஒரு ஆள் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால், சங்கிலிமுத்து என்று எழுதுங்கள். திருத்திய அறிக்கையின் நகலைச் சோலையம்மாள் வீட்டுக்கும் முனியராஜ் வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள். அவர்கள் என்னைத் தேடி வருவார்கள் என்பது தெரிந்துதான் கேட்கிறேன். என் மகளைப் பார்த்து யாரும் இனி அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. என்னைக் கைது செய்வதென்றால் ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டாம் ஐயா. இன்று குறைதீர் நாள் வரிசையில், கையில் கல்லோடு, நாற்பத்திரண்டாவது ஆளாக நிற்கிறேன்.

இடம்: விருதுநகர்
நாள்: 08.09.2025

இப்படிக்கு,
மண்ணைச் சலித்துக் கொடுத்தவன்,
(ஒப்பம்) பெ. சங்கிலிமுத்து

இணைப்பு: பேராசிரியை ஆர்த்தியின் குறிப்பு, மருத்துவச் சான்று, விசாரணை அறிக்கையின் நகல், கல்மரத் துண்டு ஒன்று (தட்ட வேண்டாம்).