மருந்து போட்டேனா

செஞ்சி
மார்கழி 1

அன்பு மகள் கவிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா நைனாவும் நானும் இரண்டு எருமைகளும் ஒற்றுமையாகச் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஆளுக்கொரு அறையில் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துகொண்டேன், அதனால் அதைக் கேட்டு எழுதவில்லை. ஐப்பசி மழை இந்த வருஷம் நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டது, கிணற்றில் கையெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கிறது. மேலண்டைக் கொல்லையில் தை பிறக்கும் முன் மல்லாட்டைக் கடலை விதைத்துவிட வேண்டும் என்று நைனா டிராக்டர்காரனைப் பிடித்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுத் தைலம்மாள் உன்னைக் கேட்டாள், அந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்குமா என்கிற சந்தேகம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. காலையில் டீ போடுவது இப்போது நைனா வேலை, பாலைப் பொங்கவிடாத நாள் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் மான் வேட்டைக்குப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டபோதே எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் மானைச் சுட்டால் ஜெயில், உங்கள் பென்சில்வேனியாவில் லைசென்ஸ் கொடுத்து அனுப்புகிறார்கள், சரி, அந்த ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டேன். இப்போது என்னடாவென்றால் எந்தத் துப்பாக்கி நல்லது என்று சண்டை போட்டுக்கொண்டு நாலு நாளாகப் பேச்சே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். நீ அனுப்பிய போட்டோவை நாங்களும் பார்த்தோம், சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறாய். உன்னுடையது பழைய மாதிரி, மரக்கட்டை போட்டது, கல் உரசித் தீப்பொறி விழுந்து வெடிப்பது. மாப்பிள்ளையுடையது புதுசு, கருப்பாகத் தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கிறது, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்ட மேலே ஒரு கண்ணாடி, வெடிமருந்துகூட அளந்து மாத்திரையாகவே வருகிறதாம். புதுசு என்றால் மழையில் நனையாது, குறி தப்பாது, மான் துடிக்காமல் ஒரே அடியில் விழும், பழசை வைத்துக்கொண்டு அதைக் குத்துயிராக ஓடவிடுவது பாவம் என்பது அவர் கட்சி. அவ்வளவு தூரத்தில் நின்று கண்ணாடி வைத்துச் சுடுவதற்குப் பெயர் வேட்டையா, கிட்டே போய், காற்றுப் பார்த்து, ஒரே ஒரு குண்டை நம்பி நிற்பதுதான் மானுக்குச் செய்கிற நியாயம் என்பது உன் கட்சி. நைனா உன் பக்கம். போட்டோவை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு வச்ச துப்பாக்கிய நானே கண்ணால பாத்ததில்ல, எம்பொண்ணு வச்சிருக்குது" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் மாப்பிள்ளை பக்கம், சாகப்போகிற ஜீவன் துடிக்காமல் சாகட்டும். ஆனால் எதுவானாலும் இரண்டிலும் மருந்து குழாய் வாய் வழியாகத்தானே உள்ளே போகிறது? போனது வெளியிலிருந்து தெரியுமா? பிரஷர் மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று மறந்து இரண்டாம் தரம் விழுங்குகிறவர் உன் நைனா. அது புது மாத்திரைதான், இருந்தும் மறக்கிறதே.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் பழைய கல் துப்பாக்கிக்கு மட்டும் வேட்டை திறக்கிறார்கள், அது உதவாது என்று காட்டுவதற்காகவே மாப்பிள்ளை யாரிடமோ ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு உன்கூட வருகிறார், பேசாமலேயே காட்டுக்குப் போய்ப் பேசாமலேயே திரும்புவோம் என்றாயே, அங்கேதான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நைனாவுக்கு வலது காது கேட்காததற்கும் வலது கன்னத்தில் இருக்கிற கருப்புப் புள்ளிகளுக்கும் தீபாவளி வெடிதான் காரணம் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். அப்போது உனக்கு ஏழு வயசு, வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது மங்கலாக ஞாபகம் இருக்கும். மலையிலிருந்து இறங்குகிற காட்டுப்பன்றியைக் கொல்லையில் அண்டவிடாமல் விரட்டத்தான் அதற்கு லைசென்ஸ். இடையில் ஒன்றிரண்டு முயல் குழம்பானதை எழுத்தில் வைக்க வேண்டாம். குழாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் இடித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நார் வைத்து இடிக்க வேண்டும். அந்த வருஷம் தீபாவளிக்குப் பனமலையில் என் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் நின்றேன். மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் ஆள் இல்லாமல் எப்படி என்று அவர் நின்றார். அவர் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. மூன்று நாள் பேசவில்லை, சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தி வைப்பதோடு சரி. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். மருந்து போட்டார், நார் வைத்தார், இடித்தார், ரவை போட்டார், மறுபடி இடித்தார், அத்தனையும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தைலம்மாள் அவள் கொல்லையிலிருந்து, "கரண்டு வந்துடுச்சுப்பா, மோட்டாரப் போடு" என்று கத்தினாள். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார். மடை திருப்பிவிட்டு வர அரைமணிக்கு மேல் ஆனது. வந்து அதைக் கையில் எடுத்தவர் யோசித்தார். கம்பியை உள்ளே விட்டால் அதில் வெட்டியிருக்கிற கோடு காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் வெளிச்சம் போய்விட்டது, கோடு தெரியவில்லை. என்னைப் பார்த்து, "கமலா, மருந்து போட்டேனா?" என்று கேட்டார்.

மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் கவிதா. இறங்கி வந்துவிட்டார், இன்னொரு தரம் கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு காயைப் பறித்தேன். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. நான் பார்த்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டார். மறுபடியும் மருந்தைப் போட்டார், ரவையைப் போட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு தரம் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, கொஞ்சம் சத்தம் கூட வரும் என்று நினைத்தேன், இது சாக்கு இல்லை, நடந்தது. கொஞ்ச நேரத்தில் பன்றிக் கூட்டம் வரப்போரம் வந்தது. சுட்டார். பின்னால் பொட்டு வெடி மாதிரி கேப் வைத்து அடிக்கிற குமிழ் பிய்த்துக்கொண்டு போய், நெருப்பு அவர் முகத்திலேயே திரும்பி அடித்தது. கண் தப்பியது சாமி புண்ணியம். லைசென்ஸ் விவகாரமாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் தீபாவளி வெடி என்றோம், தீபாவளி வாரம் என்பதால் யாரும் துருவவில்லை. மறு வருஷம் அந்தத் துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். மறதியால் இரண்டு தரம் போட்டுவிட்டேன் என்றுதான் இருபத்தாறு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொள்கிறார். நான் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னதில்லை. பொய் சொல்வானேன், சொல்லியிருக்கிறேன், அவர் வலது பக்கம் உட்கார்ந்து எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன்.

மார்கழி 5

மேலே எழுதியதை அனுப்பாமல் நாலு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். உனக்குப் புத்தி சொல்கிற கடிதத்தைப் புருஷனுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறோமே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டாம் தேதி மத்தியானம் நைனா விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். அன்னிக்கு நீங்க கேட்டப்போ எனக்குத் தெரியும், நான் பாத்தேன், வீம்புக்குச் சொல்லல என்று சொன்னேன். கையிலிருந்த காயை உடைக்காமலேயே முறத்தில் போட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், தட்டை அவரே கழுவி வைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது கண்ணு. இத்தனை வருஷம் அவருக்கு இடது பக்கமாகவே நடந்து பழகின என்னை இனிமேல் எந்தப் பக்கம் வைப்பாரோ என்று இருந்தது. நேற்றுக் காலை எழுந்து வந்து பார்க்கிறேன், அடுப்பு முன்னால் நிற்கிறார், கையில் கரண்டி, பால் வழக்கம்போலப் பொங்கி வழிந்திருக்கிறது. திரும்பாமலேயே, "கமலா, சக்கர போட்டேனா?" என்று கேட்டார். இந்தத் தடவை இன்னொரு தரம் கேட்கவிடவில்லை. "போட்டுட்டீங்க, ஒரு கரண்டி, நான் பாத்தேன்" என்று தைலம்மாள் வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "ஏன் மே கத்துற, இந்தக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார். அந்த டீயில் சர்க்கரையே இல்லை. அதை அவர் குடித்துப் பார்த்த பிறகுதான் சொன்னார், கையில் கரண்டியைப் பார்த்த அவசரத்தில் போட்டாயிற்று என்று நினைத்துவிட்டேன் என்று நான் சொன்னேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டோம்.

நைனா உனக்குச் சொல்லச் சொன்னது இது. வெறும் குழாயில் கம்பியை விட்டு அது எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு, மருந்தும் குண்டும் போட்ட பிறகு எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு, மாப்பிள்ளையின் புதுசுக்கும் சேர்த்துப் போடு. மங்கலில் தெரிகிற மாதிரி வெள்ளையாகப் போடு. நான் சொல்வது, கோடு இருந்தாலும் வாயால் கேளுங்கள், கேட்டவருக்கு உடனே பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் நீ பார்த்ததைச் சொல்லிவிடு. பழசு நல்லதா புதுசு நல்லதா என்கிற சண்டையைக் காட்டைவிட்டு வெளியே வந்து வருஷம் பூராவும் போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது. பேச்சு வராவிட்டால் இந்த வருஷம் போகவே போகாதே, மான் எங்கேயும் ஓடிவிடாது.

தபாலில் போட்டால் வேட்டை திறந்த பிறகுதான் வந்து சேரும், அதனால் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து நானே போனில் அனுப்புகிறேன், எதிர்வீட்டு நிலாவிடம் கொடுத்தால் அவள் முதலில் படித்துவிடுவாள். குளிருக்குக் காதை மூடிக்கொள். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குக் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. இதை மாப்பிள்ளை போனுக்கு அனுப்பிவிட்டு நீ அடுத்த அறையில் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. எதிரே உட்கார வைத்து நீயே வாய்விட்டுப் படித்துக் காட்டு. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

நைனாவின் ஆசியோடும் அவர் இடது பக்கத்திலிருந்தும்,
உன் அம்மா
கமலாம்பாள்