துண்டுக்கு அடியில் பேசிய விலை

அண்ணாச்சி,

இன்று காலை ஆரியசாலைக் கடைத்தெருவில் உங்கள் மிளகாய் மண்டிக்குப் போயிருந்தேன். கல்லாவில் இருந்த உங்கள் மகன் செல்வம் உங்களுடைய பழைய துண்டை எடுத்துத் தந்தான். விரித்ததும் வற்றல் நெடி ஏறி விடாமல் தும்மினேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் உங்கள் மிளகாய்க்கு என்மேல் கோபம் தீரவில்லை.

அந்தத் துண்டுக்கு அடியில்தான் நாம் விலை பேசுவோம். சுற்றி நிற்பவர்களுக்காக வாய் ஏதோ ஒரு விலையைச் சொல்லும். உண்மை விலையை உள்ளே விரல்கள் சொல்லும். தரகனான எனக்கு உங்கள் முகத்தைவிட உங்கள் விரல்கள்தான் பழக்கம்.

எழுபத்தொன்றில், வங்காளத்து அகதிகளைப் பற்றி ரேடியோவில் கேட்கும்போதெல்லாம் நமக்குள் சண்டை. அடுத்த நாட்டுக்குள் பட்டாளத்தை அனுப்ப நமக்கு என்ன உரிமை என்று நான் குதிப்பேன்.

"பக்கத்து வீட்ல பிள்ளையள வெட்டுதான். கதவு அவனுதுன்னு வெளியவே நிக்கச் சொல்லுதீரா?" என்பீர்கள்.

"அப்போ இன்னைக்கே போகச் சொல்லுங்க அண்ணாச்சி."

"மழை தோரட்டும் வே. அங்க பூரா ஆறு."

மழை விட்டதும், சேறு காயட்டும் என்றீர்கள். நியாயத்தைப் பேசிவிட்டு வாய்தா வாங்குகிறீர்கள் என்று கடையே சிரிக்கும்படி கேலி செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள். செல்வம் பட்டாளத்தில், அந்த எல்லையில்தான் இருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருநாள்கூட நீங்கள் அதைப் பேச்சில் கொண்டுவந்ததில்லை.

டிசம்பரில் சண்டை தொடங்கிய செய்தி வந்ததும் எல்லோரும் உங்களையே பார்த்தோம். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மலையாளி, "இனி எந்தா அண்ணாச்சி?" என்றார்.

"போனது சரிதான். நேரமும் சரிதான்," என்றீர்கள், குரல் பிசகாமல்.

பிறகு என் கைமேல் துண்டைப் போட்டீர்கள். அன்று பேசுவதற்குச் சரக்கே இல்லை. இருந்தாலும் பழக்கத்தில் விரல் கணக்குக்காகக் காத்திருந்தேன். நீங்கள் என் கையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டீர்கள். விரல் நோக இறுக்கினீர்கள். நானும் விடவில்லை. அன்று உங்கள்மேல் வந்த பிரியம் இன்னும் அப்படியே இருக்கிறது, அண்ணாச்சி.

செல்வம் முழுசாகத் திரும்பி வந்தான். இப்போது இலங்கைக்குப் பட்டாளம் போனது சரியா, இதுதான் நேரமா என்று அவன் கடையில் அதே சண்டை. இன்றும் நடந்தது. என் வாய் சும்மா இருக்குமா? உரிமையைப் பற்றி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து எண்ணெய்க்கடைக்காரர் மட்டும் ரேடியோவிலேயே காதை வைத்து நின்றார். அவருடைய மகனும் போயிருக்கிறான் என்று செல்வம் மெல்லச் சொன்னான்.

பேச்சைப் பாதியில் விட்டு எழுந்தேன். அவர் கைமேல் உங்கள் துண்டைப் போட்டேன்.