பத்தாம் நாள் ஸ்கேன்

போடிநாயக்கனூர்,
4-6-2024

அன்புத் தங்கச்சி சுகன்யாவுக்கு,

இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. சமையலறைக் காலண்டரைக் கழற்றி பீரோவுக்குள் மாட்டிவிட்டோம். நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்ட நாட்களை அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்வதால் இந்த நடவடிக்கை.

கருத்தரிக்கச் செய்கிற ஐயுஐ மூன்றாம் தடவையும் நிற்கவில்லை. எனக்கும் நார்மல், அவருக்கும் நார்மல். "காரணம் தெரியலைம்மா. முப்பத்தேழு வயசாச்சு, இனி டெஸ்ட் டியூப்தான்" என்றார் டாக்டரம்மா. இவ்வளவு நார்மலான தம்பதி போடியில் நாங்கள் மட்டும்தான் என்றிருந்தேன். நீயும் என் கொழுந்தன், தம்பி பால்ராஜும் அதே ஆஸ்பத்திரியில் அதே நார்மலை வாங்கியதாகக் கேள்வி. கல்யாணமாகி மூன்றே வருஷம். என்ன அவசரம்?

உங்கள் ஏலத்தோட்டத்து மலையில் சிக்னல் இல்லை. பொங்கலுக்கு நீ தபாலில் போட்ட வாழ்த்து குமுளியைச் சுற்றி ஒன்பதாம் நாள் வந்தது. ஆகவே இதை, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற மொக்கச்சாமி ஜீப்பில் அனுப்புகிறேன். பத்து மணிக்கு உன் கையில் இருக்கும்.

உன் அக்கா,
சந்திரவல்லி

ஏலத்தோட்டம் லயம்,
11-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரம் இல்லை அக்கா. இரண்டு வருஷம் காத்திருந்து பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாயிற்று. இப்போது மாத்திரையும் ஐயுஐயும். நேற்று வீட்டுக்கு விலக்கு. பன்னிரண்டாம் நாள், அதாவது 21-ஆம் தேதி, ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முட்டை வெடிப்பதற்கு முன்னால் பார்த்தாக வேண்டுமாம். தவறினால் அந்த மாதம் போனதுதான்.

"ஏலப்பூ ஒரு நாளைக்குத்தான் விரியுது. அன்னைக்குத் தேனீ வரலேன்னா காய் இல்ல. நமக்கும் அதே சோலிதான்" என்கிறார் உங்கள் தம்பி. லீவு சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் போன் நம்பர் கேட்டார்கள். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

அன்புத் தங்கை,
சுகன்யா

போடிநாயக்கனூர்,
15-6-2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் மூன்று முறை ஐயுஐ செய்துவிட்டு வந்தபோது அத்தை ஒன்றும் பேசவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். உன் விஷயத்தில் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். "சின்னவளுக்கு மொத தடவையே நின்னுரும் பாரு. வயசு இருக்குல்ல" என்று சிலமலை வரைக்கும் செய்தி போயிருக்கிறது. தொட்டில் கட்டக் கொக்கி எங்கே அடிக்கலாம் என்று நேற்று உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது என் அறை உத்தரம்.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். உன் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்ததில் பன்னிரண்டாம் நாள் தாமதமாம். பத்தாம் நாளே, 19-ஆம் தேதி புதன்கிழமை, வரச் சொன்னார்கள். சொல்லிவிடுகிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

இது அந்தரங்கமான விஷயம். மொக்கச்சாமியிடம் கொடுத்தால் ஜீப்பில் தொங்குகிற பதினாறு பேருக்கும் தெரிந்துபோகும். உன் மானத்தை உத்தேசித்து, கவரில் போட்டு, நன்றாகப் பசை தடவி, முறைப்படி தபாலில் சேர்க்கிறேன்.

உன் நலம் விரும்பும் அக்கா,
சந்திரவல்லி

ஏலத்தோட்டம் லயம்,
24-6-2024

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை, 21-ஆம் தேதி, நானும் அவரும் விடியற்காலையில் இறங்கி வந்தோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "முட்டை வெடிச்சுப் போச்சேம்மா! பதினஞ்சாந்தேதியே போன் பண்ணிச் சொன்னோமே" என்றார். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்கு வராமலே மலையேறிவிட்டோம்.

உங்கள் கவர் இன்று வந்தது. தபால் தலையை ரொம்ப நேராக ஒட்டியிருக்கிறீர்கள்.

உத்தரத்தில் இப்போதைக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம் ஜீப்பில் வருகிறது. மடித்துத்தான் கொடுத்திருக்கிறேன், ஒட்டவில்லை.

அடுத்த மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் உங்கள் நம்பரை அடித்துவிட்டு, மொக்கச்சாமி அண்ணன் நம்பரை எழுதச் சொல்லிவிட்டேன்.

சுகன்யா