பூப்போட்ட பைக்குக் கட்டிய வரி

அன்புள்ள பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நேற்று ரோஜாப்பூப் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கம்பெனி வண்டியே சிரித்தது. "என்ன அண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றான் என் அறையில் தங்கியிருக்கிற வெல்டர்.

நம் பெரியவள் இணையக் கடையில் விற்கிற பைதான் அது. வெளிநாட்டிலிருந்து அவளுக்கு வந்த முதல் ஆர்டர் என்னுடையது. வெல்டர் பெயரில் போட்டேன். அவளிடம் உளறிவிடாதே.

ஆனால் வயிறு எரிகிறது. அனுப்புகிற கூலியே பை விலையைப்போல மூன்று மடங்கு. அதையும் கட்டினேன். பார்சல் ஆபீசுக்கு வெல்டரோடு போனால், இறக்குமதி வரியாம். பைக்கு மட்டுமில்லை, அந்தக் கூலிக்கும் சேர்த்து வரி! அந்த வரியை வசூலிக்க இன்னொரு கட்டணம்!

"கூலி என்ன பைக்குள்ளயா இருக்கு? அதுக்கு எதுக்குய்யா வரி?" என்று கத்தினேன்.

"வேணாம்னா விடுங்க, திருப்பி அனுப்பிடுறோம்" என்றான் கவுண்டர்க்காரன், அவனும் தமிழ்க்காரன்தான்.

முதல் ஆர்டரே திரும்பிப் போனால் அவள் தையல் மெஷினை மூடிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். இப்படிப் பிடுங்கினால் பெற்ற அப்பனைத் தவிர வேறு எவன் வாங்குவான்?

பைக்குள் ஒரு சீட்டு இருந்தது. "வாடிக்கையாளர் அவர்களுக்கு மிக்க நன்றி" என்று அவள் கையெழுத்து. முகம் தெரியாதவனுக்கு எழுதுகிறாள். எனக்கும் இரண்டு வரி எழுதச் சொல். பையின் வாரை இன்னும் நாலு விரல் நீளமாக வைக்கவும் சொல், நீயே சொல்வதுபோல.

வண்டி ஹாரன் அடிக்கிறது.

"இந்தத் துணிப்பைக்கா இவ்வளவு செலவு?" என்று அன்று பணத்தை வாங்கிக்கொண்டு சிரித்தான் கவுண்டர்க்காரன். ஊரே கேட்கக் கத்திய நான், "என் மக தைச்சதுய்யா" என்று மட்டும் சொல்லவில்லை.